பார்த்தறிதலின் வரலாறு: கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும் அதைத் தேடிய கண்களும்

மருத்துவ வரலாறு என்றால் நமக்கு மருந்துகளின் வரலாறுதான் ஞாபகம் வரும். பெனிசிலினைக் கண்டுபிடித்தவர் யார், அம்மைக்குத் தடுப்பூசி போட்டவர் யார் என்று கேட்டால் தரம் எட்டுப் பிள்ளையும் பதில் சொல்லும். ஒரு நோயை எந்தக் கருவியால் பார்த்தார்கள், யாருடைய உடலில் வைத்துப் பார்க்கப் பழகினார்கள், பார்க்கப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் வருவதில்லை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைப் பொறுத்தவரை இந்தக் கேள்விகளுக்குள்தான் முழு வரலாறும் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் மாத்திரம் ஏறத்தாழ 660,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ 350,000 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் நம்மைப் போன்ற வறிய, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். இத்தனைக்கும் இது திடீரென்று வந்து அடிக்கிற நோயல்ல. கருப்பையின் வாயிலில் உள்ள கலங்கள் மாறத் தொடங்கி, அது புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்து முதல் இருபது ஆண்டுகள் எடுக்கும். அந்தக் காலம் முழுவதும் வலியிருக்காது, உதிரம் போகாது. ஆனால் பார்க்கத் தெரிந்தவருக்கு அடையாளம் தெரியும். அந்தக் கட்டத்தில் பிடித்தால் சிறிய சிகிச்சையோடு முடிந்துவிடும்.

அப்படியிருந்தும் ஏன் இத்தனை மௌத்துகள்? கருவிகள் இல்லாததாலா? நான் தமிழ் படிப்பிக்கிற ஆசிரியை, வைத்தியம் படித்தவளல்ல. ஆனாலும் வெட்டாமல், குத்தாமல், உடலின் உள்ளே இருப்பதைப் பார்த்தறியும் இந்தக் கலையின் வரலாற்றைத் தேடி வாசித்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. நல்ல கருவி இருந்தும் அநியாயம் நடந்த இடங்கள் இருக்கின்றன. எளிய கருவியோடு உயிர்கள் காப்பாற்றப்பட்ட இடங்களும் இருக்கின்றன. இரண்டையும் பிரித்தது, பார்க்கப்படும் பெண்ணுக்கும் பார்ப்பவருக்கும் இடையிலிருந்த நம்பிக்கைதான்.

அந்தலூசியாவின் திருகு

உள்ளே பார்ப்பதற்கு முதலில் வழி திறக்க வேண்டும். அதற்கான விரிப்புக் கருவி மிகப் பழையது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரத்தின் இடிபாடுகளிலிருந்து திருகு பூட்டிய வெண்கலக் கருவிகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. இன்றைய வைத்தியர் கண்டாலும் இன்னதென்று சொல்லிவிடுவார்.

அந்த வரிசையில் நமக்கு நெருக்கமான பெயர் ஒன்றுண்டு. குர்துபாவுக்கு அருகே மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்து ஏறத்தாழ 1013இல் காலமான அபுல் காஸிம் அல் ஸஹ்ராவி. முப்பது பாகங்கள் கொண்ட அவருடைய ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் கடைசிப் பாகம் சத்திர சிகிச்சை பற்றியது. ஏறக்குறைய இருநூறு கருவிகளை அதில் படம் வரைந்து விளக்கியிருக்கிறார். கருப்பை வாயிலைத் திறக்கும் ‘லவ்லப்’ என்ற திருகுக் கருவியும் அவற்றில் ஒன்று. மரத்தாலான இரண்டு கட்டைகள், இரண்டு திருகுகள். புத்தகம் கட்டுபவர் தாள்களை இறுக்கும் அழுத்தியைப் போன்ற அமைப்பு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் துலைத்துலா நகரில் கிரெமோனாவின் ஜெரார்ட் இதை லத்தீனுக்குப் பெயர்த்தபின் ஐரோப்பா பல நூற்றாண்டுகள் இதைப் படித்தது.

இந்தக் கருவியைச் சொல்லி நாம் பெருமைப்பட்டுக்கொள்வது வழமை. என்னை அதைவிட நிறுத்திய விஷயம் வேறு. பெண்களின் சிறுநீர்ப்பைக் கல்லை எடுப்பது பற்றி எழுதும் இடத்தில் அவர் நடைமுறைச் சிக்கல் ஒன்றை எடுத்துப் பேசுகிறார். பெண் தன்னை ஓர் ஆண் வைத்தியருக்குக் காட்டக் கூச்சப்படுவாள்; ஆகவே திறமையான பெண் வைத்தியர் ஒருவரைத் தேடவேண்டும்; கிடைக்காவிட்டால் அனுபவமுள்ள ஒரு மருத்துவிச்சியைக் கூட்டிவந்து, வைத்தியர் சொல்லச் சொல்ல அவள் கையால் செய்விக்க வேண்டும் என்பது அவர் காட்டும் வழி. வெட்கத்தை அவர் நோயாளியின் குறையாகப் பார்க்கவில்லை. வைத்தியத்தை அந்த வெட்கத்துக்கு ஏற்றபடி ஒழுங்கு செய்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய இந்த யோசனை கட்டுரையின் கடைசிப் பகுதியில் நமக்கு மீண்டும் தேவைப்படும்.

வளைத்த கரண்டி

நவீன விரிப்புக் கருவியின் கதை அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் தொடங்குகிறது. மொன்ற்கொமரி நகரில் ஜேம்ஸ் மேரியன் சிம்ஸ் என்ற வைத்தியர் 1845 முதல் 1849 வரை, பிள்ளைப்பேற்றில் சிறுநீர்ப்பைக் கிழிசல் ஏற்பட்ட அடிமைப் பெண்கள் மீது திரும்பத் திரும்பச் சத்திர சிகிச்சை செய்து பார்த்தார். ஒரு கரண்டியின் காம்பை வளைத்து உள்ளே பார்த்ததுதான் அவருடைய கருவியின் ஆரம்பம். மயக்க மருந்து கொடுக்கவில்லை. அந்தப் பெண்களில் மூவரின் பெயர் மட்டும் பதிவாகியிருக்கிறது: அனார்ச்சா, பெற்ஸி, லூஸி. சம்மதம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அடிமைக்கு மறுக்கும் உரிமை ஏது? ‘நவீன பெண்நோயியலின் தந்தை’ என்று சிம்ஸுக்கு நியூயோர்க் சென்றல் பார்க்கில் சிலை நின்றது. 2018 ஏப்ரிலில் நகராட்சி அதை அகற்றியது. கருவி மட்டும் இன்றும் உலகமெங்கும் அவர் பெயரோடு புழங்குகிறது.

1925: ஹம்பர்க்கின் பெருக்கிக் கண்ணாடி

திறந்து பார்த்தாலும் வெறுங்கண்ணுக்கு முற்றிய புற்று மட்டுமே தெரிந்தது. விரலால் தொட்டுணரும் கட்டி வந்துவிட்டால் பெரும்பாலும் காலம் கடந்துவிட்டது என்றுதான் அர்த்தம். ஜேர்மனியைச் சேர்ந்த ஹான்ஸ் ஹின்செல்மன் இந்த இடத்தில்தான் யோசித்தார். புற்று முதலில் ஊசி முனையளவு புள்ளியாகத்தான் தொடங்கவேண்டும். அதைப் பார்க்க வெளிச்சமும் பெருக்கமும் போதும் என்பது அவருடைய ஊகம். இரட்டைக் கண் பெருக்கியொன்றைத் தாங்கியில் பொருத்தி, பிரகாசமான விளக்கை இணைத்தார். 1925இல் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். கொல்போஸ்கோப் பிறந்தது அப்படித்தான். கருவி உடலுக்கு வெளியே நிற்கிறது. உள்ளே போவது ஒளி மட்டும். பெண்ணின் உடலிலிருந்து எதையும் வெட்டி எடுக்காமல் ஆரம்ப மாற்றத்தைத் தேடும் படக்கருவிகள் எல்லாவற்றுக்கும் இதுவே மூத்தது.

பெருக்கிப் பார்த்தால் மட்டும் போதவில்லை. நல்ல சதையும் மாறிய சதையும் ஒரே இளஞ்சிவப்பு. பிரித்துக் காட்ட இரண்டு எளிய திரவங்கள் வந்தன. ஒன்று, ஹின்செல்மன் புகுத்திய ஐதான அசற்றிக்கமிலம். அதாவது நமது சமையலறை வினாகிரியில் இருக்கும் அதே அமிலம், மூன்று முதல் ஐந்து வீதம். மாறிய கலங்களில் கரு பெருத்து, புரதம் செறிந்திருக்கும். அமிலம் பட்டதும் அந்தப் புரதம் தற்காலிகமாகத் திரள்கிறது. ஒளி உள்ளே போகாமல் திரும்புகிறது. ஒரு நிமிடத்துக்குள் அந்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது. கொஞ்ச நேரத்தில் வெள்ளை மறைந்துவிடும். மற்றது, வியன்னாவில் வோல்டர் ஷில்லர் கண்ட அயடின் முறை. நல்ல கலங்களில் கிளைக்கோஜன் இருப்பதால் அயடின் பட்டதும் அவை கருங்கபிலமாகும். மாறிய கலங்களில் அது குறைவு, அவை வெளிறிப்போய்த் தனித்து நிற்கும். யூதரான ஷில்லர் 1930களில் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். போகாமல் தங்கியவர்களுக்கு என்ன நடந்தது என்பதில் இந்தக் கருவிக்கும் பங்குண்டு.

பத்தாம் இலக்கக் கட்டடம்

1943இல் அவுஷ்விட்ஸ் வதைமுகாமின் தலைமை வைத்தியராக இருந்தவர் எட்வார்ட் விர்த்ஸ். அவருடைய தம்பி ஹெல்முட் விர்த்ஸ், ஹம்பர்க்-அல்தோனாவில் ஹின்செல்மனோடு வேலை செய்த பெண்நோயியலாளர். முகாமின் பத்தாம் இலக்கக் கட்டடத்தில் அடைக்கப்பட்டிருந்த யூதப் பெண்களைக் கொல்போஸ்கோப்பால் பார்த்தார்கள். சந்தேகமென்று பட்ட இடங்களை, சில வேளைகளில் கருப்பைக் கழுத்தையே, வெட்டியெடுத்து ஆய்வுக்காக ஹம்பர்க்குக்கு அனுப்பினார்கள். பெண்ணுக்கு வெட்டுக் காயம் வராமல் பார்ப்பதற்கென்று பிறந்த கருவி, வெட்டுவதற்கு இடம் காட்டும் கருவியாக மாறியது. போருக்குப் பின் ஹின்செல்மன் தண்டிக்கப்பட்டார். அது அவுஷ்விட்ஸ் தொடர்புக்காக அல்ல, ரோமா இனப் பெண்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ததற்காக. பின்னர் அவர் தென்னமெரிக்கா வரை போய்த் தன் முறையைக் கற்பித்தார்.

இதை எழுதாமலும் விட்டிருக்கலாம். ஆனால் “இந்த டொக்டர்மாரை எப்படி நம்புற?” என்று ஒரு பெண் கேட்டால், அந்தக் கேள்விக்குப் பின்னால் இப்படியொரு வரலாறு இருக்கிறது. கேட்பவளை அறியாமையில் கிடப்பவள் என்று தள்ளிவிட முடியாது.

கண்ணாடித் தட்டில் கலங்கள்

ஆங்கிலம் பேசும் நாடுகள் கொல்போஸ்கோப்பை நெடுங்காலம் பெரிதாக எடுக்கவில்லை. அவர்கள் வேறு வழியில் போனார்கள். கிரேக்கத்தின் கிமி ஊரில் 1883இல் பிறந்து நியூயோர்க்கில் குடியேறிய ஜோர்ஜ் பப்பனிகொலாவு, கருப்பை வாயிலில் உதிரும் கலங்களைக் கண்ணாடித் தட்டில் பூசி, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்தே புற்றைக் கண்டறியலாம் என்று 1928இல் சொன்னார். ருமேனியாவின் அவுரெல் பாபேஷும் ஓராண்டுக்கு முன்பே ஏறத்தாழ அதையே சொல்லியிருந்தார். ஆரம்பத்தில் யாரும் காது கொடுக்கவில்லை. 1943இல் ஹேர்பேர்ட் ட்ராவுட்டுடன் சேர்ந்து வெளியிட்ட நூலுக்குப் பிறகுதான் முறை பரவியது. நமது நாட்டிலும் ‘பெப் பரிசோதனை’ என்று வழங்குவது இதுதான். நெடுங்காலம் அவர் தினமும் பரிசோதித்த கலங்கள் அவருடைய மனைவி மேரியிடமிருந்து எடுத்தவை.

1963இல் பின்லாந்து எல்லாப் பெண்களுக்கும் அழைப்புக் கடிதம் அனுப்பி இந்தப் பரிசோதனையைத் தொடங்கியது. பிந்திய தசாப்தங்களில் அங்கு இந்த நோயால் வரும் இறப்பு ஐந்திலொரு பங்களவுக்கு இறங்கியது. பெப் பரிசோதனை சந்தேகத்தைச் சொல்லும். சந்தேகம் எந்த இடத்தில் என்று கொல்போஸ்கோப் காட்டும். அந்த இடத்திலிருந்து எடுக்கும் சிறு துண்டுச் சதை முடிவைச் சொல்லும். இந்த வரிசை இன்றும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

ஒக்லாந்தில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்

பார்த்துக் கண்டுபிடித்தபின் சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும்? நியூசிலாந்தின் ஒக்லாந்தில், தேசிய பெண்கள் வைத்தியசாலையில் அது நடந்தது. ஆரம்ப மாற்றம் புற்றாக முற்றும் என்பதை ஹேர்பேர்ட் கிறீன் என்ற பேராசிரியர் நம்பவில்லை. 1966 முதல் பல பெண்களுக்கு முழுச் சிகிச்சை கொடுக்காமல் வருடக்கணக்கில் கண்காணித்து மட்டும் வந்தார். தாங்கள் ஓர் ஆய்வுக்குள் இருக்கிறோம் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. கிளினிக்குக்கு வரச்சொன்ன போதெல்லாம் வந்தார்கள். பார்க்கிறார்கள்தானே என்று நிம்மதியாகத் திரும்பிப் போனார்கள்.

அதே வைத்தியசாலையில் கொல்போஸ்கோப்பால் பார்த்தவர் பில் மக்கின்டோ. தன் கண்ணெதிரே மாற்றம் முற்றிக்கொண்டு வருவதைக் கண்டு மேலிடத்துக்குத் திரும்பத் திரும்ப எழுதினார், ஏற்கப்படவில்லை. கடைசியில் அவரும் சகாக்களும் 1984இல் கணக்கை வெளியிட்டார்கள். முதல் சிகிச்சைக்குப் பிறகு கலங்கள் சரியான நிலைக்குத் திரும்பிய 817 பேரில் 1.5 வீதமானோருக்கே புற்று வந்திருந்தது. மாற்றம் நீங்காமல் தொடர்ந்த 131 பேரில் பத்தாண்டில் 18 வீதம், இருபதாண்டில் 36 வீதம். 1987இல் சண்ட்ரா கோனி, பிலிடா பங்கிள் என்ற இரு பெண்கள் ஒரு சஞ்சிகையில் இதை அம்பலப்படுத்தினார்கள். நீதிபதி சில்வியா கார்ட்ரைட் தலைமையிலான விசாரணை 1988இல் அறிக்கை கொடுத்தது. நோயாளியின் உரிமைகள் அந்நாட்டில் சட்டமானதற்கு இதுவே வித்து.

இன்று எந்தக் கிளினிக்கிலும் “உங்களுக்கு என்ன செய்யப்போகிறோம் தெரியுமா? சம்மதமா?” என்று கேட்கிறார்கள் என்றால், அந்தக் கேள்வியின் பின்னால் இப்படிப் பலருடைய உயிர் இருக்கிறது.

வைரஸும் வீண்பழியும்

காரணம் தெரியவந்தது இதற்கிடையில். ஜேர்மனியின் ஹரால்ட் சுர் ஹவுசனின் ஆய்வுகூடம் 1983இல் எச்.பி.வி. 16 வகை வைரஸையும் அடுத்த ஆண்டு 18ஆம் வகையையும் புற்றுத் திசுவில் கண்டது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 18ஆம் வகை கிடைத்த இடங்களில் ஒன்று, உலக ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படும் ஹீலா கலங்கள். அவை 1951இல் பால்டிமோர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் ஹென்றியெற்றா லக்ஸ் என்ற கறுப்பினத் தாயின் கருப்பைக் கழுத்துக் கட்டியிலிருந்து, அவருக்குத் தெரியாமலே எடுக்கப்பட்டவை. இங்கும் அதே கதைதான்.

இந்த வைரஸ் தாம்பத்திய உறவின் மூலம் தொற்றும் என்பதால் ஒரு தவறான பேச்சு நம்மிடையே ஓடுகிறது. “ஒழுங்கா இருக்கிற பொம்புளைக்கு இது வராது” என்கிறார்கள். வைத்தியம் சொல்வது வேறு. எச்.பி.வி. மிகச் சாதாரணமான வைரஸ். உறவில் ஈடுபடும் மனிதர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது தொற்றும். பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை விரட்டிவிடும். விரட்ட முடியாமல் தங்கிவிடும் சிலருக்குத்தான் ஆபத்து. கணவனைத் தவிர வேறெவரையும் அறியாத பெண்ணுக்கும் தொற்றலாம். தொற்று எப்போது வந்தது, எப்படி வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. ஆகவே இந்த நோயை யாருடைய கற்புக்கும் சாட்சியாக நிறுத்துவது பொய்ச்சாட்சி. வீண்பழி சுமத்துவது நமது மார்க்கத்தில் எவ்வளவு பாரதூரமான பாவம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

திண்டுக்கல்லின் வினாகிரி

பெப் பரிசோதனைக்கு ஆய்வுகூடம், பயின்ற கண், திரும்பத் திரும்ப அழைக்கும் ஒழுங்கு எல்லாம் வேண்டும். வறிய நாடுகளில் அவை இல்லை. 1982இல் இத்தாலியின் புளோரன்ஸில் இரண்டு வைத்தியர்கள் 2,400 பெண்களைப் பரிசோதித்து ஒரு விஷயத்தைச் சொன்னார்கள்: அசற்றிக்கமிலம் தடவியபின் தோன்றும் வெள்ளையைப் பெருக்கி இல்லாமல் வெறுங்கண்ணாலேயே பெரும்பாலும் பார்த்துவிடலாம். 1999இல் சிம்பாப்வேயில் தாதிகளையும் மருத்துவிச்சிகளையும் பயிற்றிச் செய்த ஆய்வு, ஆரம்ப மாற்றமுள்ளவர்களில் நான்கில் மூன்று பேரை இந்த முறை பிடிப்பதாகக் காட்டியது. மாற்றமில்லாதவர்களில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோரை வீணாகச் சந்தேகிக்கிறது என்பதையும் சேர்த்தே காட்டியது.

உயிர் காக்குமா என்பதற்குப் பதில் தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து வந்தது. 2000இல் தொடங்கிய ஆய்வில் 30 முதல் 59 வயது வரையான ஏறத்தாழ 49,000 கிராமத்துப் பெண்கள் ஒரு பிரிவு. அவர்களில் முப்பத்தோராயிரத்துக்கு மேற்பட்டோர் வந்து பரிசோதித்துக்கொண்டார்கள். பார்த்தவர்கள் பயிற்றப்பட்ட தாதிகள். வெள்ளை தெரிந்த பலருக்கு அந்த இடத்தை உறையவைத்து நீக்கும் சிகிச்சையும் உடன் கிடைத்தது. 2007இல் முடிவு வந்தது: ஒரே ஒரு தடவை பார்த்ததில் புற்று 25 வீதமும் அதனால் வரும் இறப்பு 35 வீதமும் குறைந்திருந்தன. மும்பையின் சேரிகளில், சில வாரம் பயிற்றப்பட்ட ஆரம்ப சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டாண்டுக்கொரு தடவை பார்த்தபோது இறப்பு 31 வீதம் குறைந்தது. தாதிமார் கையில் ஒரு விளக்கு, கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் அமிலம். அவ்வளவுதான்.

இங்கும் ஒரு முள் உண்டு. ஒப்பிடுவதற்காக வைத்திருந்த மற்றப் பிரிவுப் பெண்களுக்கு இந்தப் பரிசோதனை ஆய்வுக் காலத்தில் வழங்கப்படவில்லை. அது நியாயமா என்று பின்னர் கடுமையாகக் கேட்கப்பட்டது. மஹாராஷ்டிராவின் உஸ்மானாபாத்தில் 131,000க்கு மேற்பட்ட பெண்களிடம் செய்த ஆய்வில் கண்ணால் பார்க்கும் முறை இறப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை என்பதையும், ஒரே தடவை செய்த எச்.பி.வி. பரிசோதனை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பார்ப்பவர் எவ்வளவு பயின்றவர் என்பதில் கண்முறை முழுக்கத் தங்கியிருக்கிறது.

கெமராவும் கணினியும்

அந்தப் பலவீனத்தைப் போக்கக் கெமரா வந்தது. 1981இல் அமெரிக்காவின் மில்வோக்கியில் அடோல்ஃப் ஸ்ராஃப்ல் அமிலம் தடவிய கருப்பைக் கழுத்தைப் படமெடுத்து, படத்தை நிபுணருக்கு அனுப்பும் முறையை அறிமுகப்படுத்தினார். பெண் கிராமத்தில், பார்க்கும் கண் நகரத்தில். ஆனால் ஒரே படத்தை இரண்டு நிபுணர் இரண்டு விதமாகப் படித்தார்கள்.

அந்தப் பழைய படங்கள் வீண்போகவில்லை. கோஸ்ற்றாறிக்காவின் குவானாகாஸ்தே மாகாணத்தில் 1990களில் 9,000க்கு மேற்பட்ட பெண்களிடம் எடுத்த படங்கள், பிற்காலத்தில் அவர்களில் யாருக்கு நோய் வந்தது என்ற விவரத்தோடு பத்திரமாக இருந்தன. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அவற்றைக் கொண்டு கணினியைப் பயிற்றினார்கள். அன்று நிபுணர் கண்ணும் பெப் பரிசோதனையும் கண்டதைவிட அந்தச் செயற்கை நுண்ணறிவு திருத்தமாகக் கண்டது என்று 2019இல் அறிவித்தார்கள். செய்தி உலகெங்கும் ஓடியது. ஒரு கெமராவின் படங்களில் பயின்ற கணினி வேறொரு கெமராவின் படத்தில் தடுமாறுகிறது என்ற பின்செய்தி அந்தளவு ஓடவில்லை.

வேறு வழிகளும் பரீட்சிக்கப்படுகின்றன. டியூக் பல்கலைக்கழகத்தில் சட்டைப்பையில் அடங்கும் கொல்போஸ்கோப் செய்தார்கள். றைஸ் பல்கலைக்கழகத்தில் ரெபேக்கா ரிச்சர்ட்ஸ்-கோர்ட்டமின் குழு, மெல்லிய ஒளியிழையைக் கழுத்தில் தொடவைத்து, கலங்களின் கருவை அந்த இடத்திலேயே படமாகக் காட்டும் கருவியை உருவாக்கியது. 1991இல் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் பிறந்த ஒளிவெட்டுப் படமுறை, ஸ்கேன் ஒலியால் செய்வதை ஒளியால் செய்கிறது. ஓரிரு மில்லிமீற்றர் ஆழத்துக்குத் தோலின் அடுக்குகளை வெட்டாமலே காட்டுகிறது. எம்.ஆர்.ஐ. போன்ற பெரிய படங்கள் இந்த ஆரம்ப மாற்றத்தைக் காட்டா; புற்று உறுதியான பின் எவ்வளவு பரவியது என்று அளக்கவே அவை உதவும். 2018இல்தான் சர்வதேசப் பெண்நோயியல் சம்மேளனம் நோயின் கட்டத்தைத் தீர்மானிப்பதில் அவற்றுக்கு இடம் கொடுத்தது.

இன்று உலக சுகாதார நிறுவனம் முதற் பரிசோதனையாக விதந்துரைப்பது எச்.பி.வி. மரபணுப் பரிசோதனையை. அதற்கான மாதிரியைப் பெண் தானே, தனியறையில், தன் கையாலேயே எடுக்கலாம். யாரும் பார்க்கத் தேவையில்லை. வைரஸ் இருப்பதாகத் தெரிந்தால் மட்டும் அடுத்த படியாகக் கொல்போஸ்கோப்போ கெமராவோ வரும். நூறு ஆண்டுகள் நன்றாகப் பார்ப்பதற்குப் பாடுபட்ட கலை, எல்லாரையும் பார்க்க வேண்டியதில்லை என்ற இடத்துக்கு வந்திருக்கிறது.

நமது வாசலில்

ஹின்செல்மன் தன் பெருக்கியை அறிவித்த அடுத்த ஆண்டு, 1926இல், இலங்கையின் முதலாவது சுகாதார அலகு களுத்துறையில் தொடங்கியது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் இந்த நோயைப் பொறுத்தவரை நமக்குக் கிடைத்த பெரிய கருவி அந்த இரண்டாவதுதான் என்பேன். வீடு வீடாக வரும் குடும்ப நல மாது, அவர் வைத்திருக்கும் பதிவேடு, பக்கத்திலேயே ஒரு கிளினிக். திண்டுக்கல்லில் ஆய்வுக்காக உருவாக்க வேண்டியிருந்த ஒழுங்கு இங்கு ஏற்கெனவே இருக்கிறது. 1996இல் ‘சுவநாரி’ எனப்படும் வெல் வுமன் கிளினிக்குகள் தொடங்கின. 35 வயதுப் பெண்களுக்கும் பின்னர் 45 வயதுப் பெண்களுக்கும் அங்கு இலவசமாகப் பெப் பரிசோதனை செய்கிறார்கள். 2017 முதல் தரம் ஆறு மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி இரண்டு தடவைகளில் போடப்படுகிறது.

ஊசி போடும் காலத்தில் உம்மாமார் என்னைப் போன்ற ஆசிரியைகளிடம் வந்து கேட்பார்கள். “டீச்சர், இது நாளைக்குப் புள்ள கிடைக்காமப் போடுற ஊசியெண்டு சொல்றாங்களே, உண்மையா?” சிரித்துவிட்டுப் போகக் கூடாத கேள்வி இது. கருத்தடை பற்றிய வதந்திகள் இந்த நாட்டில் முஸ்லிம்களுக்கு எதிராக எப்படிப் பாவிக்கப்பட்டன என்பதைக் கண்ட தாய் அப்படித்தான் கேட்பாள். இல்லை, இது வைரஸுக்கு எதிரான ஊசி. கருத்தடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உலகெங்கும் கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குப் போட்டிருக்கிறது. சவூதி அரேபியா, மலேசியா போன்ற முஸ்லிம் நாடுகளிலும் போடுகிறார்கள் என்று பொறுமையாகச் சொன்னால் அனேகமானோர் கையெழுத்திடுவார்கள். கேள்வி கேட்க இடம் கொடுத்தால் நம்பிக்கை வரும்.

மகளுக்கு ஊசி போட்ட அந்த உம்மாவிடம் “நீங்கள் கிளினிக்குக்குப் போனீங்களா?” என்றால் பதில் வேறு மாதிரி வரும். “எனக்கொண்டுமில்ல டீச்சர். வெக்கமாரிக்கி.” நோவில்லாவிட்டால் நோயில்லை என்பது ஒன்று, வெட்கம் இரண்டாவது. முதலாவதற்கு இந்தக் கட்டுரையின் தொடக்கத்திலேயே பதில் இருக்கிறது. இரண்டாவதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஹயா ஈமானின் ஒரு கிளை. ஆனால் ஆயிஷா நாயகி அன்ஸாரிப் பெண்களைப் பாராட்டியது எதற்காக என்பதை நாம் மத்ரஸாவில் படித்திருக்கிறோம்: மாதவிடாய்க் குளிப்பைப் போன்ற விஷயங்களைக்கூடக் கேட்டறிந்து கொள்வதற்கு வெட்கம் அவர்களுக்குத் தடையாக நிற்கவில்லை. பெண் வைத்தியரோ குடும்ப நல மாதோதான் பார்க்கவேண்டும் என்று கேட்பது நம் உரிமை. பெரும்பாலான இடங்களில் கேட்டால் கிடைக்கும். கிடைக்காத இடங்களில் அதற்காகக் குரல் கொடுப்பது பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் தகும். அல் ஸஹ்ராவி குர்துபாவில் எழுதிவைத்தது இதைத்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2030க்குள் எட்டவேண்டுமென்று 2020இல் வைத்த இலக்கு 90-70-90: பதினைந்து வயதுக்குள் 90 வீதப் பிள்ளைகளுக்கு ஊசி, 35 வயதுக்குள் ஒரு தடவையும் 45 வயதுக்குள் இன்னொரு தடவையும் 70 வீதப் பெண்களுக்குப் பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 வீதமானோருக்குச் சிகிச்சை. முதலாவதில் நம் பாடசாலைகள் தம் பங்கைச் செய்கின்றன. நடுவில் உள்ள எழுபதுதான் கடினம். அதை நிரப்பப்போவது புதிய கெமரா அல்ல. நாற்பது வயது ராத்தாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற தங்கச்சியும், “போய்ட்டு வா, பிள்ளைகளை நான் பாத்துக்கிறேன்” என்கிற கணவனும்தான்.

கடைசியாக, இந்தச் சஞ்சிகையைப் படிக்கும் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நமது ஊர்களில் எத்தனை பெண்கள் 35 வயதில் அந்தக் கிளினிக்குக்குப் போகிறார்கள், போகாதவர்கள் ஏன் போவதில்லை என்பதை ஊர் ஊராகக் கேட்டு எழுதவேண்டும். பட்டப்படிப்பு ஆய்வுக்கு இதைவிடப் பயனுள்ள தலைப்பு அரிது. கேட்கப் போகிறவர் பெண்ணாக இருக்கட்டும். எழுதிய பிறகு, கேட்கப்பட்ட பெண்களிடம் அதை வாசித்தும் காட்டட்டும்.